ஸ்டியரிங் நடுங்கும் ஜீப்: பெரிய டயருக்கு முன்பாக முன் அச்சு

மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இடது முன் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. அவ்வளவுதான், ஸ்டியரிங் இடமும் வலமுமாக அடிக்கத் தொடங்குகிறது. பானெட் குலுங்குகிறது, கண்ணாடிச் சட்டம் கடகடக்கிறது, இரண்டு கையாலும் பிடித்தாலும் அடங்குவதில்லை. நடக்கும் வேகத்துக்கு வண்டியைக் கொண்டுவந்த பிறகுதான் நிற்கிறது.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நடுக்கம் பழக்கம். "ஜீப்புன்னா அப்படித்தான் சார் ஆடும்" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். அதை நம்பாதீர்கள். நடுக்கம் ஜீப்பின் இயல்பு அல்ல, முன் அச்சின் தேய்மானம். அதைச் சரிசெய்யாமல் பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், விஞ்ச் என்று எதை மாட்டினாலும் ஆபத்தைத்தான் பெரிதாக்குகிறீர்கள். வண்டியை அழகுபடுத்தும் வேலைகளைப் பின்னால் தள்ளிவிட்டு இந்த அத்தியாயத்தை முன்னால் வைத்திருப்பது அதனால்தான்.

எங்கள் வீட்டு ஜீப் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஏறி இறங்கிய வண்டி. அதற்கு இந்த நடுக்கம் வந்தபோது ஒரு பட்டறையில் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் வண்டி அமைதியாக ஓடியது. பிறகு மலையிறக்கத்தில், தாயும் தங்கையும் பின்னால் உட்கார்ந்திருக்க, முன்பைவிட மோசமாக அடித்தது. நல்லவேளை, அது உள்பக்க வளைவு. மறுநாள் வயதான மெக்கானிக் ஒருவர் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "தம்பி, டாம்பர் நோயைக் காட்டாம மறைச்சிருச்சு. கிங் பின் பேரிங் செத்து வருஷமாகுது" என்றார். அன்றைக்கு அவர் பக்கத்தில் குந்தியிருந்து கற்றதுதான் இந்த அத்தியாயத்தின் பாதி.

எந்த வண்டிகளுக்கு

மஹிந்திரா 1947-ல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த உயர மூக்கு சி.ஜே.3பி-யும், பிறகு டீசல் எஞ்சினோடு வந்த எம்.எம்.540 போன்றவையும் பட்டா ஸ்பிரிங் மீது ஒரே முழு அச்சு வைத்த வண்டிகள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளில் இந்தக் குடும்பத்தை நிறையப் பார்க்கலாம். உங்கள் வண்டியின் முன் சக்கரத்துக்கு உள்பக்கம் தேங்காய்போல ஓர் இரும்பு உருண்டை தெரிகிறதா? அதுதான் மூடிய நக்கிள். கீழே வருவதெல்லாம் அதற்குத்தான். 2010-ல் வந்த தார் வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனியே தொங்கும் அமைப்பு. அதற்கு இந்த முறை பொருந்தாது.

தூக்குவதற்கு முன்

சமதளமான, கெட்டியான தரை வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கைப்பிரேக்கை நம்ப வேண்டாம். இந்த ஜீப்புகள் பலவற்றில் அது டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது, ஒரு சக்கரம் தரையை விட்டால் வண்டி நகரக்கூடும். அச்சைத் தூக்கியதும் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, வண்டியின் எடையை ஸ்டாண்டின் மேல் இறக்கிவிடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் நொறுங்கும். அவற்றை வண்டிக்கு அடியில் கொண்டுபோகவே கூடாது.

பழைய வண்டிகளில் நட்டும் போல்டும் அங்குல அளவு. 13 எம்.எம். ஸ்பேனரை அரை அங்குல நட்டில் திணித்தால் தலை உருண்டு போகும். 7/16, 1/2, 9/16, 3/4 என்று ஒரு அங்குல செட் வாங்கிவிடுங்கள். முன் ஹப்பின் நட்டுக்கு 2 1/16 அங்குலப் பெட்டி ஸ்பேனர் தனியாக வேண்டும். அது இல்லாமல் உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றிய ஹப்புகளைத்தான் நம் ஊரில் அதிகம் பார்க்கிறோம். நட்டின் ஓரமெல்லாம் கடிபட்டிருந்தால் உள்ளே பேரிங்கும் குத்துமதிப்பாகத்தான் இறுக்கப்பட்டிருக்கும்.

இன்னொன்று: பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் எதிர்மரை. போல்ட் முனையில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். தெரியாமல் நீளமான குழாய் போட்டு நெம்பினால் போல்ட் முறியும்.

எங்கே லூஸ்?

காசு செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குங்கள். முதலில் முன் டயர் இரண்டிலும் காற்று சமமா என்று பாருங்கள். பிறகு முன் சக்கரங்களைப் பின்னுக்கும் பின் சக்கரங்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். நடுக்கம் மறைந்தால் கோளாறு டயரில். ரிம் வளைந்திருக்கலாம், டயர் வட்டம் கெட்டிருக்கலாம்.

மறையவில்லை என்றால் சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஒரு சாண் அளவு ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத லூஸ் விரலுக்குத் தெரியும். ஸ்டியரிங் பெட்டி சேஸிஸில் அசைகிறதா, டை ராடு முனைகளில் கிளிக் என்று தட்டுகிறதா, சி.ஜே.3பி-யாக இருந்தால் நடுவிலுள்ள பெல் கிராங்க் மேலும் கீழும் துள்ளுகிறதா? பெல் கிராங்க் பின் தேய்ந்திருந்தால் மற்ற எல்லாவற்றையும் புதிதாகப் போட்டாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

அடுத்து சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். லூஸ் இருந்தால் அது சக்கர பேரிங்காகவும் இருக்கலாம், கிங் பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. உள்ளே இருப்பவரைப் பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் டிரம்மும் நக்கிளும் ஒன்றாகிவிடும். லூஸ் மறைந்தால் சக்கர பேரிங். அப்படியே இருந்தால் கிங் பின். இந்த ஒரு சோதனை தெரியாததால் தேவையில்லாமல் வாங்கப்பட்ட பேரிங்குகள் எத்தனையோ.

கிங் பின் வேலை

நக்கிள் அந்த உருண்டையின் மேலும் கீழும் இரண்டு குட்டையான பின்களில் திரும்புகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூம்பு ரோலர் பேரிங். சக்கர பேரிங் முழு வட்டம் சுற்றும். கிங் பின் பேரிங்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஸ்டியரிங் திரும்பும் சிறு வில் அளவுக்குள்தான் அதன் வாழ்நாள் முழுவதும் கழிகிறது, அதிலும் பெரும்பகுதி வண்டி நேராகப் போகும்போது ஒரே இடத்தில் நின்றபடி. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் அதே ரோலர்களை அதே இடத்தில் பேரிங்கின் வெளி வளையமான கப்பின் மேல் அழுத்துகிறது. ஆண்டுகள் போகப்போகக் கப்பில் கோடு கோடாகக் குழி விழுகிறது. பேரிங்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் அம்மியைப் புதிதாகக் கொத்தியதுபோல் வரிசையாகத் தெரியும்.

கப்பில் குழி விழுந்த பிறகு மெல்லிய ஷிம் தகடுகளை எடுத்து இறுக்கினால் நேராக இருக்கும்போது சரியாகத் தோன்றும். திருப்பும்போது ரோலர் குழியைவிட்டு மேடேறி இறுகிவிடும். ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வராது. ஆகவே குழி கண்டால் பேரிங்கும் கப்பும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவது.

கழற்றும் வரிசை இது. சக்கரம், ஹப் மூடி, டிரைவ் ஃபிளேஞ்ச், ஹப் நட்டுகள், டிரம், பிறகு பேக் பிளேட். பிரேக் ஹோஸைக் கழற்ற மனமில்லையென்றால் பேக் பிளேட்டைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. பிறகு ஸ்பிண்டிலையும் ஆக்ஸில் ஷாஃப்டையும் வெளியே இழுக்கலாம். உருண்டையின் உள்பக்கமுள்ள ஃபெல்ட் சீலின் வளையத்தைக் கழற்றி, மேல் மூடியையும் கீழ் மூடியையும் எடுத்தால் நக்கிள் கைக்கு வந்துவிடும். மூடிகளின் அடியில் காகிதத்தைப் போன்ற ஷிம்கள் இருக்கும். மேலேயுள்ளவற்றை ஒரு கவரிலும் கீழேயுள்ளவற்றை இன்னொரு கவரிலும் போட்டு எழுதிவையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பின்னால் ஒரு மாலை முழுவதும் போகும்.

டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ கம்ப்ரெசராலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிச் சுற்றித் தட்டி வெளியேற்றுங்கள். புதிய கப்பை முதல் நாள் இரவே ஃப்ரீசரில் வைத்திருந்தால் சற்றுச் சுருங்கி, அதிகம் தட்டாமலே உட்காரும். உட்காரும்போது சத்தம் மாறும். டொக் டொக் என்றிருந்தது கணீரென்று கேட்டால் அடிவரை போய்விட்டது.

இனி ஷிம். 0.003, 0.005, 0.010 அங்குலம் என்ற கனங்களில் கிடைக்கும். மேலும் கீழும் மொத்தக் கனம் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆக்ஸில் ஷாஃப்ட் நடுவை விட்டு விலகி இணைப்பைத் தின்னும். சமமாக எடுத்துக்கொண்டே வந்து, மூடிகளை இறுக்கி, நக்கிளைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பாருங்கள். லூஸ் சிறிதும் கூடாது. அதே சமயம் கொஞ்சம் கனத்தோடு, ஆனால் எங்கும் கடிக்காமல் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். ஃபெல்ட் சீல் மாட்டுவதற்கு முன்பே இந்த அளவைப் பார்த்துவிட வேண்டும், சீலின் உராய்வும் சேர்ந்தால் கணக்குத் தப்பும். டை ராடு துளையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, நகரும்போது காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வருவது முக்கியம்.

உருண்டையில் துருக்குழி இருந்தால் புது சீல் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. உப்புத்தாளால் தேய்த்து, குழியை இரும்புப் பொடி கலந்த எபாக்சியால் நிரப்பி, காய்ந்ததும் மறுபடி தேய்த்து வழவழப்பாக்குங்கள். எங்கள் வண்டியில் செய்த இந்த வேலை இன்றும் நிற்கிறது.

நக்கிளுக்குள் கிரீஸ் தண்ணீராக ஓடினால் கவனியுங்கள். டிஃபரன்ஷியலின் கியர் ஆயில், அச்சின் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைக்கிறது என்று பொருள். அங்கிருந்து அது ஸ்பிண்டில் வழியாக டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் போடும் பழக்கம் இருக்கிறது. சூடேறினால் உள்ளே ஊறியது மறுபடி மேலே வரும். இரண்டு பக்கமும் புதிது போடுங்கள். பழைய ஜீப்புகளில் பிரேக் ஒரே சர்க்யூட், ஒரு சிலிண்டர் ஒழுகினால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். திறந்தது திறந்ததுதான், சிலிண்டர் ரப்பர்களையும் பார்த்துவிடுங்கள்.

சக்கர பேரிங்கும் டோ-இன்னும்

பேரிங்குகளை டீசலில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, காயவிட்டு, உள்ளங்கையில் கிரீஸ் வைத்து ரோலர்களுக்கு இடையில் ஏறும்வரை அழுத்துங்கள். உள் நட்டைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள். சக்கரம் இறுகி நிற்கும் இடத்திலிருந்து ஆறில் ஒரு சுற்று தளர்த்துங்கள். லாக் வாஷர், வெளி நட்டு, பிறகு வாஷரின் ஓரத்தை நட்டின் மேல் மடக்குதல். வெளி நட்டை இறுக்கும்போது உள் அளவு மாறியிருக்கும். இன்னொரு தடவை ஆட்டிப் பாருங்கள்.

டோ-இன் என்பது முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு. சி.ஜே.3பி-யில் அது 3/64 முதல் 3/32 அங்குலம், அதாவது ஒன்றிலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள். இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, அசையாமல் பிடித்த ஆணியால் டயரின் நடுவில் சுற்றிலும் ஒரு கோடு கீறுங்கள். வண்டியை இறக்கி, சில அடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். இரண்டு டயர்க் கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை ஹப் உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் டேப்பால் அளக்க வேண்டும். முன் அளவு அந்தச் சிறு அளவுக்குக் குறைவாக வரும்வரை டை ராடைத் திருப்புங்கள். பெல் கிராங்க் உள்ள வண்டியில் இரண்டு தனி ராடுகள் இருக்கும். முதலில் பெல் கிராங்கை நேராக நிறுத்தி, ஒவ்வொரு பக்கத்தையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

இதோடு பட்டாவின் புஷ், ஷாக்கிள், யு போல்ட் ஆகியவற்றையும் பாருங்கள். நடு போல்ட் முறிந்திருந்தால் அச்சு பட்டாவின் மேல் முன்பின்னாக நகரும், பிறகு எந்த அளவும் நிற்காது.

உயர்த்துவதும் பெரிய டயரும்

நடுக்கம் இல்லாமல் ஆயிரம் கிலோமீட்டராவது ஓடிய வண்டிக்குத்தான் இந்தப் பகுதி.

மலிவான உயர்த்தல் என்று நீளமான ஷாக்கிளை விற்பார்கள். அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சி.ஜே.3பி-யின் முன் பட்டா ஏறத்தாழ 36 அங்குல நீளம். ஷாக்கிள் அதன் முன்முனையில் இருக்கிறது, பின்முனை சேஸிஸோடு நிலையாகக் கட்டப்பட்டது. ஷாக்கிளை 2 அங்குலம் நீட்டினால் அச்சு நடுவில் இருப்பதால் வண்டி உயர்வது 1 அங்குலம்தான். ஆனால் பட்டா முன்பக்கம் சரிந்து, அச்சையும் இரண்டரை டிகிரிபோல முன்னோக்கிச் சாய்க்கிறது. கம்பெனி கொடுத்த காஸ்டரே, அதாவது கிங் பின்னின் பின்சாய்வே, 3 டிகிரிதான். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வுதான் கையை விட்டாலும் நேராகப் போகவைக்கிறது அல்லவா? காஸ்டர் செய்வது அந்த வேலை. அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு ஸ்டியரிங் நடுங்குகிறதே என்று வருந்தினால் என்ன செய்வது? உயர்த்தத்தான் வேண்டும் என்றால் சரியான வளைவுள்ள பட்டா போடுங்கள். ஏற்கெனவே ஷாக்கிள் போட்டாகிவிட்டது என்றால் பட்டாவுக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்பு வடிவ ஷிம் வைத்து, கிங் பின்னின் மேல்முனை மறுபடி பின்னோக்கிச் சாயும்படி செய்யுங்கள். அப்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கி, முன் ஷாஃப்ட்டின் யு ஜாயிண்ட் அதிகமாக மடங்கும். ஃபோர் வீல் போட்டு மெதுவாக ஓட்டி, அங்கே அதிர்வு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதை மண்ணிலோ சரளையிலோ செய்யுங்கள். இந்த வண்டிகளில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது, காய்ந்த தார் சாலையில் ஃபோர் வீல் போட்டால் முறுக்கு வெளியேற வழியில்லாமல் ஷாஃப்ட்டும் கியரும் தாங்க வேண்டியிருக்கும்.

டயர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. 6.00-16 டயரின் உயரம் ஏறத்தாழ 28 அங்குலம். அதை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால் உயரம் 11 விழுக்காடு கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 45 காட்டும்போது உண்மையில் 50-ல் போகிறீர்கள். அதே பிரேக் டிரம், அதே அழுத்தம், ஆனால் டயரின் விளிம்பில் கிடைக்கும் பிடிப்பு பத்தில் ஒரு பங்கு குறைவு. கனமான சக்கரம் கிங் பின்னை அடிக்கும் அடியும் அதிகம். மேகமலை, கொல்லிமலை போன்ற இடங்களின் தோட்டப் பாதைகளுக்கு, நல்ல பட்டன் உள்ள ஒல்லியான டயரும் சரியான காற்றும் போதும். ஒல்லியான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே கெட்டித் தரையைத் தேடும்.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 15 ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். கம்பெனி அளவில் சரியாக்கிய முன் அச்சு அந்த நாளில் உங்களுக்குத் துணை நிற்கும்.

முதல் ஓட்டம்

ஆளில்லாத நேரான சாலையில், டாம்பர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, 20-லிருந்து ஐந்தைந்தாகக் கூட்டிப் போங்கள். டாம்பரோடு ஓட்டினால் மறைந்திருக்கும் லூஸ் தெரியாது. எல்லாம் சரி என்று உறுதியான பிறகு அதை மாட்டிக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை வளைத்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் அது தானாக நேருக்கு வர வேண்டும். பத்து கிலோமீட்டரில் நிறுத்தி இரண்டு ஹப்புகளையும் புறங்கையால் தொடுங்கள். இளஞ்சூடு சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால், பிரேக் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து ஹப்பைத் திறந்து உள் நட்டை இன்னும் ஒரு சிறு அளவு தளர்த்துங்கள். 100 கிலோமீட்டரில் யு போல்ட், சக்கர நட்டு, கிங் பின் மூடி போல்டுகள் மூன்றையும் மறுபடி இறுக்கிவிட்டு, தராசு காட்டிய எண்ணையும் தேதியையும் டாஷ்போர்டு பெட்டியில் இருக்கும் நோட்டில் எழுதிவையுங்கள்.